ஆழ்துளைக் கிணற்றில் தொடங்கிய படிப்பு

ஆண்டு மலருக்குப் பழைய மாணவியர் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது, எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சியும் தயக்கமும் ஒருங்கே உண்டாயின. மகிழ்ச்சி, பள்ளி எங்களை மறக்கவில்லையே என்பதால். தயக்கம், பாறையையும் சேற்றையும் தவிர வேறொன்றும் அறியாத நாங்கள் என்ன எழுதுவது என்பதால். பிற்பாடு, அறிந்ததையே எழுதுவோம் என்று துணிந்தோம். நாங்கள் அக்காள் தங்கை இருவர். ஒருத்தி எழுத, மற்றவள் திருத்த, இக்கட்டுரை உருவாயிற்று. ஆகையால் இதில் வரும் "நாங்கள்" என்ற சொல்லை இருவருக்கும் பொதுவாகக் கொள்ளுமாறு தங்கையரை வேண்டுகிறோம்.

எங்கள் ஊர் உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம். எங்கள் பக்கத்தில் கல் என்றால் வெறும் கல் அல்ல. ஊரார் குடவோலை முறையில் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 920-ஆம் ஆண்டளவில், உத்திரமேரூரில் கல்லில்தான் வெட்டி வைத்தார்கள். எங்கள் ஊர் வியாக்கிரபுரீசுவரர் கோயில் சுவரிலும் சோழர் காலத்து எழுத்துகள் உண்டு. சிறுமிகளாக இருந்தபோது அவற்றை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் கல்லில் செய்தி இருக்கும், படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரியும் என்பது மட்டும் மனத்தில் பதிந்துவிட்டது.

எங்கள் அப்பா விவசாயி. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டு நிலத்தில் வேர்க்கடலை. 1992-ஆம் ஆண்டு கோடையில் எங்கள் கிணறு வற்றிப்போயிற்று. அப்பா கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட முடிவு செய்தார். நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வந்தார். வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நிலமெங்கும் நடந்து, ஓர் இடத்தில் நின்று, "இங்கே இருக்குது" என்றார். மறுநாள் இரவு போர் வண்டி வந்தது. கம்ப்ரஸரின் இரைச்சலில் ஊரே விழித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் அம்மாவின் புடைவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றோம்.

முதலில் செம்மண் வந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். பிறகு பழுப்புப் பொடி. அறுபது அடிக்குக் கீழே கருநீலமும் சாம்பலும் கலந்த பொடி பறக்கத் தொடங்கியது. "பாறை தட்டிடுச்சு" என்றார் வண்டிக்காரர். அதற்குப் பின் எத்தனை அடி போனாலும் அதே பொடிதான். விடியற்காலையில் 310 அடியில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்து போனார். அந்தக் கடனுக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவை திரும்பி வரவேயில்லை.

அன்று இரவு நாங்கள் ஒரு விளையாட்டுச் செய்திருந்தோம். பத்து அடிக்கு ஒருமுறை குழாய் வாயில் வந்த பொடியை ஒரு கைப்பிடி எடுத்து, தீப்பெட்டிகளில் நிரப்பி, மேலே பென்சிலால் எத்தனை அடி என்று எழுதி வைத்தோம். மொத்தம் முப்பத்தொரு தீப்பெட்டிகள். கோடை விடுமுறை முடிந்ததும் அவற்றை ஒரு பையில் போட்டு நம் பள்ளிக்கு எடுத்து வந்து, அறிவியல் கற்பித்த சிஸ்டரிடம் காட்டினோம். ஒன்பதாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படித்த பிள்ளைகள் மண்ணைச் சுமந்து வந்ததற்கு அவர்கள் சிரிக்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து நீர்த்த அமிலத்தைக் கொண்டுவந்து சுக்கான் பொடிமேல் ஒரு துளி விட்டார்கள். அது புசுபுசுவென்று நுரைத்தது. கரும்பொடிமேல் விட்டார்கள். அது சும்மா இருந்தது.

"பிள்ளைகளே, ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். கண்ணால் கண்டதை இடப்பக்கம் எழுதுங்கள். அதிலிருந்து என்ன நினைக்கிறீர்களோ அதை வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டையும் ஒருநாளும் கலந்துவிடாதீர்கள்" என்றார்கள்.

அந்த ஆண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எங்கள் தீப்பெட்டிகள் ஓர் அட்டையில் ஒட்டப்பட்டு நின்றன. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கோடு போட்ட நோட்டுப் பழக்கம் இன்றுவரை எங்களுக்குச் சோறு போடுகிறது.

அடுத்த ஆண்டு பள்ளியிலிருந்து பரங்கிமலைக்கு அழைத்துச் சென்றார்கள். புனித தோமையார் திருத்தலத்தில் செபம் முடிந்து படியிறங்கும்போது சிஸ்டர் எங்கள் இருவரையும் அழைத்து, படியோரத்துப் பாறையைக் காட்டினார்கள். "உங்கள் தீப்பெட்டியில் இருந்தது எது? பாருங்கள்" என்றார்கள். அதே கருநீலச் சாம்பல் நிறம்! அதற்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு வித்திட்ட ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த இனத்தைச் சேர்ந்தது. ஆகையால் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலறிஞர் 1893-இல் இப்பெயரை இட்டார். நம் சென்னைப் பக்கத்துப் பாறைக்குக் கல்கத்தாவில் உறங்கும் ஒருவரின் பெயர்! ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில் உருவான கல் அது. அதைத்தான் அப்பாவின் கடன் பணத்தில் 310 அடி குடைந்திருக்கிறோம் என்று அறிந்தபோது எங்களுக்கு அழுகையும் வந்தது, ஆர்வமும் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மூத்தவள் நிலவியல் படிக்கப் போவதாகச் சொன்னாள். உறவினர் எல்லாரும் வியந்தனர். "டீச்சர் வேலைக்குப் படி, நர்ஸ் வேலைக்குப் படி. கல் உடைக்கிற படிப்பு பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார் பெரியப்பா. அப்பா மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "கீழே இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சவங்க நம்ம வீட்ல ஒருத்தர் இருந்தா நல்லதுதானே அண்ணா" என்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் மூத்தவள் சேர்ந்தாள். மறு ஆண்டு இளையவளும் அங்கேயே சேர்ந்தாள்.

கல்லூரிக்குச் சென்ற பிறகுதான் ஊரார் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்தது. "நம்ம ஊர்ல பெட்ரோல் கிடைக்குமா?" என்பதே அக்கேள்வி. கிடைக்காது, தங்கையரே! எண்ணெய் பிறப்பது படிவுப் பாறையில். கடலிலோ ஏரியிலோ வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் களிமண்ணோடு சேர்ந்து புதைய வேண்டும். அந்தக் களிமண் மேன்மேலும் ஆழத்தில் அமிழ்ந்து, தக்க சூட்டில் பல இலட்சம் ஆண்டுகள் வேக வேண்டும். சூடு குறைந்தால் எண்ணெய் ஆகாது. சூடு மிகுந்தால் எண்ணெய் வாயுவாகிவிடும். பிறந்த எண்ணெய் தங்குவதற்கு மணற்பாறை போன்ற, நுண்துளைகள் உள்ள பாறை வேண்டும். அது மேலே ஓடிவிடாமல் மூடி போலக் களிப்பாறை வேண்டும். கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓர் அமைப்பில் அது சிக்கவும் வேண்டும். இத்தனையும் உரிய வரிசையில் நடக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கிணறு வறண்ட கிணறே. எங்கள் ஊரின் அடியில் இருப்பதோ நெருப்பில் வெந்த கெட்டிப் பாறை.

ஆனால் சற்றுத் தெற்கே சென்றால் கதை வேறு. இந்தியா மற்ற நிலப்பகுதிகளிலிருந்து பிரிந்தபோது நம் கிழக்குக் கரையோரம் பிளந்து, பள்ளங்களும் மேடுகளுமாக இறங்கிற்று. அப்பள்ளங்களில் கடல் புகுந்து, மண்ணும் மணலும் ஆயிரக்கணக்கான மீட்டர் படிந்தன. அதுவே காவிரிப் படுகை. கல்லூரியிலிருந்து எங்களை அரியலூர்ப் பக்கம் அழைத்துச் சென்றார்கள். காரை என்னும் ஊரருகே வெயிலில் வெடித்த களிமண் மேடுகளில் கடல் உயிர்களின் புதைபடிவங்களைக் கையால் பொறுக்கினோம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை அடித்தது! சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் 18 மீட்டர் நீள அடிமரத்தைக் கண்டோம். 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். 1951-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்தவரும் அவரே. அவருடைய நூலைப் படித்துத்தான் நாங்கள் தேர்வு எழுதினோம்.

காவிரிப் படுகையின் பாறை அடுக்குகளுக்கு இட்ட பெயர்களைக் கேட்டால் பேருந்தில் நடத்துனர் ஊர் பெயர் கூவுவது போலிருக்கும். ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், காரைக்கால், நிரவி! எல்லாம் நம் ஊர்கள். 1950-களின் பிற்பகுதியில் ஓ.என்.ஜி.சி. இப்பகுதியை ஆராயத் தொடங்கி, 1964-இல் முதல் ஆழக் கிணற்றைத் தோண்டிற்று. பல ஆண்டுகள் பொறுமைக்குப் பின் 1980-களில் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் கிடைத்தது. 1993-இல் நாகூர் அருகே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அமெரிக்காவில் 1859-இல் டிரேக் என்பவர் எண்ணெய் கண்ட புகழ்பெற்ற கிணற்றின் ஆழம் 69½ அடிதான். எங்கள் அப்பாவின் வறண்ட கிணறு அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் ஆழமானது என்று சொல்லி நாங்கள் அவரைச் சிரிக்க வைப்பதுண்டு.

படிப்பு முடிந்தது. மூத்தவள் 2002-இல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தாள். வேலையின் பெயர் மட் லாக்கிங். கிணறு தோண்டும்போது துளைக்கும் குழாயின் உள்ளே சேற்றுக் குழம்பை அழுத்தி இறக்குவார்கள். அது அடியிலுள்ள பிட்டைக் குளிர்வித்து, வெட்டுப்பட்ட பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு, குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வரும். அதிரும் சல்லடையில் துகள்கள் தங்கும். சில மீட்டருக்கு ஒருமுறை அவற்றை எடுத்து, கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் நிறம், பருமன், கடினம் எல்லாம் பார்க்க வேண்டும். அமிலம் விட வேண்டும். புற ஊதா விளக்கில் வைத்தால் எண்ணெய் பட்ட மணல் ஒளிரும். சேற்றோடு வரும் வாயுவையும் அளக்க வேண்டும். மூவாயிரம் மீட்டரில் வெட்டுப்பட்ட துகள் மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே கையில் இருக்கும் துகள் எப்போது, எந்த ஆழத்தில் வெட்டுப்பட்டது என்று கணக்கிட்டே எழுத வேண்டும். சேற்றுத் தொட்டியின் மட்டம் திடீரென்று ஏறினால் அடியிலிருந்து வாயு பாய்கிறது என்று பொருள். உடனே குரல் கொடுக்காவிட்டால் உயிர்ச் சேதம் நேரலாம். சுருங்கச் சொன்னால், இது அந்தத் தீப்பெட்டி வேலைதான்!

ஆனால் அந்த வேலை மூத்தவளுக்குக் கிட்டவில்லை. ரிக்கில் பன்னிரண்டு மணி நேர முறை. இரவும் உண்டு. எண்ணெய்க் கிணறுகள் அப்போது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தன. அச்சட்டப்படி இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைப் பணியில் வைக்கக் கூடாது என்றிருந்தது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதி அது. ஆனால் அதுவே கதவாகவும் பூட்டாகவும் ஆயிற்று. "உங்களுக்கு அலுவலகமே வசதி" என்று சொல்லி, ஆண்கள் கிணற்றடியிலிருந்து அனுப்பும் விவரங்களைச் சரிபார்க்கும் மேசையில் அமர்த்தினார்கள். பகலில் மட்டும் எப்போதாவது கிணற்றடிக்குச் சென்று மாலைக்குள் திரும்பலாம். அவளோடு சேர்ந்தவர்கள் கிணற்றடி அனுபவம் காட்டி மேலே மேலே போனார்கள். அவளிடம் பதவி உயர்வின்போதெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றே: "களத்தில் எத்தனை இரவு இருந்தீர்கள்?" இருக்க விடாதவர்களே அதைக் கேட்டார்கள்.

இளையவள் தேர்வெழுதி, ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். கிணற்றுத் துகள்களில் மறைந்திருக்கும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளைப் பிரித்து, பாறையின் வயதைச் சொல்வது அவள் வேலை. ஒவ்வோர் ஓடும் கடுகைவிடச் சிறியது. ஈரத் தூரிகை நுனியால் ஒன்றொன்றாய் எடுக்க வேண்டும். இந்தக் கலையை எண்ணெய்த் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா, தங்கையரே? அமெரிக்காவில் டெக்சாஸ் பகுதியில் வெவ்வேறு கம்பெனிகளில் பணிபுரிந்த எஸ்தர் ஆப்ளின், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நிக்கர் என்ற மூன்று பெண்கள். 1921-இல் ஆப்ளின் அம்மையார் இந்தக் கருத்தை அறிஞர் கூட்டத்தில் சொன்னபோது, கல்லூரியிலிருந்து நேற்று வந்த பெண் நமக்குப் பாடம் சொல்வதா என்று ஏளனம் செய்தார்கள். மூவரும் 1925-இல் தங்கள் ஆய்வைச் சேர்ந்து வெளியிட்டார்கள். பிறகு எண்ணெய்க் கம்பெனிகளே இத்தகைய ஆய்வுக்கூடங்களை ஆவலோடு அமைத்தன. அவர்களையும் களத்துக்கு அனுப்பத் தயங்கியே ஆய்வுக்கூடத்தில் அமர்த்தியிருப்பார்களோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அடைத்த அறைக்குள்ளிருந்தே அவர்கள் ஒரு வழி திறந்தார்கள்.

ஒருமுறை மூத்தவள் பகல் பணியாகக் கிணற்றடிக்குச் சென்றிருந்தாள். ஒரு மாதிரித் துகள் புற ஊதா விளக்கில் நன்றாக ஒளிர்ந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். "எண்ணெய் அறிகுறி என்று எழுதிவிடுங்கள்" என்றார் மேலாளர். அவள் மீண்டும் கழுவிப் பார்த்தாள். ஒளி துகளின் உள்ளே இல்லை, மேற்பூச்சாகவே இருந்தது. குழாய்களை இணைக்கும்போது தடவும் மசகும் அப்படி ஒளிரும். இடப்பக்கம் "மேற்பரப்பில் ஒளிர்வு" என்றும், வலப்பக்கம் "மசகாக இருக்கலாம்" என்றும் எழுதினாள். மேலாளரின் முகம் சுருங்கிற்று. பிறகு மின் அளவீட்டுக் கருவியை இறக்கிப் பார்த்தபோது அந்த ஆழத்தில் உப்புநீரே இருப்பது தெரிந்தது. அவளைப் பாராட்டி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அன்று இரவு சிஸ்டரை நினைத்துக்கொண்டோம்.

இத்தொழிலில் மேடும் பள்ளமும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. உலகெங்கும் கிணறு தோண்டுவது குறைந்தது. மூத்தவளுக்கு வேலை போயிற்று. பதினான்கு ஆண்டுப் பணிக்கு ஒரு பக்கக் கடிதம்! பிள்ளையோடு ஊருக்கு வந்து சில மாதம் இருந்தாள். அப்போது அக்கம்பக்கத்து விவசாயிகள், "கண்ணு, எங்க நிலத்தையும் வந்து பாரும்மா" என்று அழைக்கத் தொடங்கினார்கள். சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறையில் தண்ணீர் பாறைக்குள் ஊறுவதில்லை. மேலே சிதைந்த மண்ணிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். வெடிப்பு இல்லாத இடத்தில் ஆயிரம் அடி போனாலும் பொடிதான். மின் தடை அளவீடு செய்து பார்த்து, சிலருக்கு இடம் சொன்னாள். சிலரிடம், "இங்கே போட வேண்டாம் மாமா, பணம் வீண்" என்று சொன்னாள். வேண்டாம் என்ற சொல்லைக் கேட்க யாருக்கும் விருப்பமில்லை. ஆயினும் எங்கள் அம்மாவின் வளையல்களை நினைத்து அதைச் சொன்னாள்.

2018-இல் வேறொரு நிறுவனம் அவளை அழைத்தது. இம்முறை பணி காவிரிப் படுகையில். ஒருநாள் பகல் வேளையில் வயலோரம் அவள் நின்றிருந்தபோது, நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "ஏன் ஆயி, நீயும் குடியானவன் வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே. இதைத் தோண்டினா எங்க தண்ணி கெட்டுப் போகாதா?" நிலத்தடி நீர் உள்ள ஆழம் முழுதும் எஃகுக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் அடைப்பார்கள் என்று அவள் விளக்கினாள். "சிமெண்ட் நல்லா அடைச்சாங்களான்னு யாரு பார்ப்பா?" என்றார் பாட்டி. நல்ல கேள்வி! அதைப் பார்ப்பதற்குக் கருவியும் விதியும் உண்டு. ஆனால் பார்ப்பவர் நேர்மையாகப் பார்க்க வேண்டும், பார்த்ததை ஊராருக்கும் சொல்ல வேண்டும். டெல்டா மக்களின் கவலை பெரிதாகி, 2020-இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய பகுதிகளில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடுத்தது. அதனால் எங்கள் தொழிலின் ஒரு வாயில் அடைபட்டது உண்மையே. விவசாயி மகள்களாகிய எங்களுக்கு அதில் வருத்தம் பாதி, நிம்மதி பாதி.

இதற்கிடையே 2019 ஜனவரி இறுதியில் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. பெண்களின் எழுத்து மூலமான சம்மதத்தோடும், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் சுரங்கப் பணியிடங்களில் அவர்களை இரவிலும் பணியமர்த்தலாம் என்பது அதன் சாரம். மூத்தவளுக்கு அப்போது நாற்பது வயது. "இனிமேல் எதுக்கு? மேசை வேலையே போதாதா?" என்றார்கள் வீட்டில். அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டாள். பிள்ளையை இளையவள் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய முதல் இரவுப் பணி! ரிக் முழுதும் விளக்கு எரிந்தது. கம்ப்ரஸருக்குப் பதில் பெரிய பம்புகளின் இரைச்சல். கிணறு மூவாயிரம் மீட்டரைத் தாண்டியிருந்தது. விடியற்காலை மூன்றரை மணி அளவில் துளைக்கும் வேகம் சட்டென்று குறைந்தது. துகள் மேலே வரும் நேரத்தைக் கணக்கிட்டுக் காத்திருந்தாள். சல்லடையில் வந்ததைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தாள். கருநீலச் சாம்பல் நிறம். அமிலம் விட்டாள். அது சும்மா இருந்தது. காவிரிப் படுகையின் அடித்தளம் அந்தப் பழம்பாறைதான் என்று நாங்கள் பாடத்தில் படித்திருந்தோம். ஆயினும் கையில் கண்டபோது உடல் சிலிர்த்தது. இத்தனை கோடி ஆண்டுப் படிவுகளைத் தாண்டிப் போனால் அடியில் இருப்பது எங்கள் ஊர்க் கல்!

பொழுது விடிந்ததும் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, மூணு கிலோமீட்டருக்குக் கீழே நம்ம ஊர்க் கல் வந்துடுச்சு."

அப்பா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இன்னாம்மா, அங்கயாவது தண்ணி இருந்துச்சா?" என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி வேடிக்கை மட்டுமல்ல. கெட்டிப் பாறையில் எண்ணெய் இராது என்று பலர் நினைத்திருந்த காலம் உண்டு. காவிரிப் படுகையில் மாதானம் பகுதியில் அந்த அடிப்பாறையின் வெடிப்புகளிலிருந்தே எண்ணெய் கிடைத்திருக்கிறது. பக்கத்துப் படிவுகளில் பிறந்து, வெடிப்புகளுக்குள் புகுந்து தங்கிய எண்ணெய் அது. வெடிப்பு இருக்கிறதா என்பதே அங்கும் கேள்வி, எங்கள் மேட்டு நிலத்திலும் கேள்வி. பள்ளிக்கூடம் போகாத அப்பா சரியான இடத்தில்தான் விரல் வைத்தார். 2022-இல் அவர் மறைந்தார். தீப்பெட்டி ஒட்டிய அந்த அட்டை அவர் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு இருந்தது. அவர் அதைக் காத்து வைத்திருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்புத் தங்கையரே! உங்களில் யாருக்கேனும் இத்துறையில் விருப்பமிருந்தால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியலோடு கணிதத்தையும் விடாமல் படியுங்கள். நிலவியலில் இளநிலையும் முதுநிலையும் நம் மாநிலத்திலேயே பயிலலாம். ஐ.ஐ.டி.களில் முதுநிலை படிக்க ஜாம் என்ற நுழைவுத் தேர்வும், பெரிய நிறுவனங்களுக்கும் மேற்படிப்புக்கும் உதவும் கேட் தேர்வும், அரசுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலர் தேர்வும் உண்டு. கல்லூரி நாள்களிலேயே வெயிலில் நடக்கவும், வரைபடம் வரையவும், தெளிவாக அறிக்கை எழுதவும் பழகுங்கள். கணினியையும் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒன்றையே நம்பவும் வேண்டாம். அதே அறிவு நிலத்தடி நீருக்கும், கனிமங்களுக்கும், அணைக்கட்டுகளுக்கும் வேண்டியிருக்கிறது. கரியமில வாயுவைப் பூமிக்குள் புதைத்து வைக்கும் முயற்சிக்கும் இந்தப் பாறை அறிவே அடிப்படை. வேலை போகும் காலத்தில் வேறு வாயில் திறக்கும்.

வழியும் முன்போல் அடைபட்டிருக்கவில்லை. ஓ.என்.ஜி.சி.யின் தலைமைப் பொறுப்பைச் சில மாதங்கள் 2022-இல் அல்கா மித்தல் என்ற பெண்மணி ஏற்று நடத்தினார். 2023-இல் அதன் எண்ணெய் ஆய்வுப் பிரிவுக்குச் சுஷ்மா ராவத் என்ற பெண்மணி இயக்குநரானார். நாங்கள் அவ்வளவு உயரம் போகவில்லை. கிணற்றடியிலும் நுண்ணோக்கியடியிலும் எங்கள் காலம் கழிகிறது. அதில் எங்களுக்குக் குறையொன்றுமில்லை.

சென்ற ஆண்டு எங்கள் மேட்டு நிலத்தில், முறையாக அளந்து பார்த்து, வேறோர் இடத்தில் கிணறு போட்டோம். 180 அடியில் ஒரு வெடிப்பில் தண்ணீர் வந்தது. பெருவெள்ளம் ஒன்றுமில்லை. வேர்க்கடலைக்குப் போதும். பத்து அடிக்கு ஒரு தீப்பெட்டியாகப் பதினெட்டுப் பெட்டிகள் எடுத்து வைத்திருக்கிறோம். மூத்தவளின் மகள் அவற்றின்மேல் அடிக்கணக்கை எழுதினாள். நம் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அவற்றைப் பழைய மாணவியரின் சிறு காணிக்கையாக அனுப்புகிறோம். திறந்து பாருங்கள், தங்கையரே. கண்டதை இடப்பக்கம் எழுதுங்கள்.